ஸ்டேஷன் சிஸ்டரின் வரிசை

மும்பை மாநகரத்தில் உரக்கக் கத்தியவரைக் கடைசிக்கும் வாய் திறக்காதவரை முதலுக்கும் அனுப்பிய ஒரே ஜீவன் எங்கள் ஸ்டேஷன் சிஸ்டர்தான். தண்ணீர்க் குழாயில், ரேஷன் கடையில், லோக்கல் வண்டியில் என்று எங்கே பார்த்தாலும் தொண்டை பெரியவனுக்கே முதலிடம் தரும் ஊர் இது. அந்த ஊரை எதிர்த்து அவர் தனியாளாக, ஒரு கைக்கடிகாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு, பல வருஷம் சண்டை போட்டார்.

குர்லாவுக்கும் செம்பூருக்கும் நடுவில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், எனக்கு இன்னும் அங்கேதான் சம்பளம். அவசரப் பிரிவின் வாசலில் கேஸ் பேப்பர் போடும் ஜன்னலில் கான்ட்ராக்ட் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். எங்கள் வம்சத்திலேயே பி.காம். வரை படித்த முதல் ஆள் நான். அதனால் கம்ப்யூட்டர் முன்னால் முதுகை வளைக்காமல் உட்காருவேன். பெயர், வயது, விலாசம், டோக்கன். பேப்பர் இல்லாதவனுக்கு நோயும் கிடையாது என்று மனப்பூர்வமாக நம்பினேன்.

என் ஜன்னலுக்கு நாலு அடி தள்ளி சிஸ்டரின் மேஜை. வருகிறவர்களில் யார் உடனே உள்ளே போக வேண்டும், யார் காத்திருக்கலாம் என்று பிரிப்பது அவர் வேலை. நாகர்கோவில் பக்கத்துக்காரர், செம்பூரில் வீடு. "மூச்சு முட்டுது" என்று யாராவது வந்தால் அவர் கேட்பது ஒன்றுதான்.

"தாதர்லேர்ந்து தானே ஸ்டேஷன் வரைக்கும் வழியில உள்ள பேரெல்லாம் ஒரே மூச்சுல சொல்லு, பாப்போம்."

எந்த மொழிக்காரனாக இருந்தாலும் இந்த ஊரில் ஸ்டேஷன் பெயர் தெரியாமல் இருக்க முடியாது. தாதர், மாட்டுங்கா, சயான், குர்லா என்று ஆரம்பிப்பார்கள். காட்கோபர் தாண்டி ஓடினால் பெஞ்சில் இடம். குர்லாவில் மூச்சு வாங்கினால் நாற்காலி, டாக்டர் சீக்கிரம் வருவார். மாட்டுங்காவிலேயே நின்றால் அந்த நிமிஷமே உள்ளே, ஆக்ஸிஜன். நாக்பூரிலிருந்து புதிதாக வந்த டாக்டரிடம் சிஸ்டர் ஒரு கிழவரைக் காட்டி, "இவரு மாட்டுங்கா" என்றார். அந்தப் பிள்ளை பொறுப்பாக விலாசக் கட்டத்தில் அதை எழுதிக்கொண்டது.

விஷயம் வெளியே பரவிவிட்டது. கோவண்டியிலிருந்து வருகிறவர்கள் ஆட்டோவிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார்கள். சீக்கிரம் உள்ளே போகும் ஆசையில் ஒருவன், "தாதர்..." என்று சொல்லி நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்தான். சிஸ்டர் நாடி பார்ப்பதுபோல் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, அவன் கழுத்தையே ஒரு நிமிஷம் பார்த்தார்.

"கழுத்துக் குழி உள்ள இழுக்கல. மூக்கு விரியல. தோள்பட்டை தூக்கல. மூச்சு பதினாறு. வண்டி நல்லாத்தான் ஓடுது, நீதான் சங்கிலிய புடிச்சு இழுக்குத. போய் பெஞ்சில உக்காருடே."

நாடி பார்ப்பது வெறும் பாவனை என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மூச்சை எண்ணப்போகிறேன் என்று சொன்னால் எவனும் இயல்பாக மூச்சு விடமாட்டானாம். கையைப் பிடித்தால் மனசு கைக்குப் போய்விடும், மூச்சு தன் போக்கில் நடக்கும். அந்த ஒரு நிமிஷத்தில் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். பெரிய டாக்டரே பின்னால் நின்று செருமியிருக்கிறார்; அவருக்கும் காத்திருப்பு பெஞ்சு காட்டப்பட்டது.

எனக்கும் அவருக்கும் ஆகவே ஆகாது. பேப்பர் போடுவதற்கு முன்னால் ஆளை உள்ளே தள்ளிவிடுவார்.

"சிஸ்டர், பேரில்லாம எப்படி என்ட்ரி போடுறது?"

"அவன் செத்தா உன் கம்ப்யூட்டர்ல பேரு மட்டும் நல்லா இருக்கும் தம்பி. நீ டைப் அடி. நான் மூச்சப் பாக்கேன்."

ஒரு திங்கட்கிழமை. கூட்டம் கதவு வரைக்கும். அப்போது ஐந்தாறு பேர் புடைசூழ ஒரு 'பாவூ' வந்தார். பாவூ என்றால் மராத்தியில் அண்ணன். எங்கள் பக்கத்தில் பேட்டைத் தலைவர்களுக்கெல்லாம் அதுதான் பட்டம். முந்தின நாள் கல்யாண விருந்து, காலையில் நெஞ்சடைப்பு. எனக்குத் தலை நிமிர நேரமில்லை. அவருடைய பேப்பரை அவசரமாக அடித்துக்கொண்டிருக்கும்போதே ஜன்னலுக்குள் இன்னொரு கை நீண்டது. பீகார் இந்தியில் ஒரு குரல்: முருகன், ஐம்பத்து நாலு, தாராவி, மூச்சு. அடித்தேன். தாராவியில் தெருவுக்கு ஏழு முருகன். நாற்பத்தோராம் டோக்கனைக் கையில் திணித்துவிட்டு மறுபடி பாவூவிடம் திரும்பினேன்.

பாவூவுக்கு இதய வரைபடம் அங்கேயே எடுத்தாகிவிட்டது. டாக்டர் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். இருந்தும் உடனே கட்டில் வேண்டும் என்று கத்தல். சிஸ்டர் இந்தியில் பணிவாகத்தான் கேட்டார், ஸ்டேஷன் பெயர் சொல்லுங்கள் என்று. பாவூ கோபத்தில் தானேயைத் தாண்டி, டோம்பிவிலியைத் தாண்டி, கல்யாண் போய் நின்றார். கூட வந்தவர்கள் கைதட்டிவிட்டார்கள்.

"கல்யாண் வரைக்கும் போன மனுசனுக்கு கட்டில் எதுக்கு பாவூ? பெஞ்சில உக்காருங்க, மருந்து வரும்."

பாவூ மேஜையைத் தட்டினார். சிஸ்டர் அவரைப் பார்க்கவே இல்லை. மூன்றாவது வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து, பாவூவின் ஆட்களை முழங்கையால் விலக்கிக்கொண்டு நடந்தார். அங்கே ஒருவர் இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, முன்னால் குனிந்து, யாருக்கும் தொந்தரவில்லாமல் உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் அவர் கையைப் பிடித்தார்.

"என்ன செய்யுது?"

"ஒண்ணு... மில்ல... தாயி."

ஸ்டேஷன் பெயரே கேட்கவில்லை. ஆக்ஸிஜன் அளக்கும் கருவியை அவர் விரலில் மாட்டிப் பார்த்து, அதையும் கழற்றி எறிந்தார். தோல் பட்டறைச் சாயம் ஏறிய கறுப்பு விரலில் அது பொய்யாக நல்ல கணக்கே காட்டிக்கொண்டிருந்தது. வீல்சேருக்குக் குரல் கொடுத்தார். "ஒண்ணுமில்லைங்கத ரெண்டா ஒடச்சுச் சொல்லுதாரு. இவரு வண்டி தாதர்லேர்ந்தே கெளம்பல. தம்பி, அந்த பேப்பரக் கொண்டா."

பேப்பரை எடுத்துக்கொண்டு ஓடினேன். தலை நிமிர்ந்தேன். என் அப்பா.

தோல் பை தைக்கும் பட்டறையிலிருந்து கூட வேலை பார்க்கும் பீகார்க்காரர் கூட்டி வந்திருக்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா கையை ஆட்டினார். "ஏல... நீ... வேலய... பாரு."

அப்பா பிழைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். மகன் வேலை பார்க்கும் இடத்தில் முந்திக்கொண்டு போனால் மகனை நாலு பேர் பேசுவார்கள் என்று வரிசையில் உட்கார்ந்தாராம்.

பேசத்தான் செய்தார்கள். குமாஸ்தாவின் அப்பாவுக்காகத் தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று பாவூ புகார் எழுதிக் கொடுத்தார். பெரிய டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். லிஃப்ட் ஓடவில்லை, அவரும் அப்போதுதான் மூன்று மாடி ஏறி வந்திருந்தார்.

"மொதல்ல உக்காருங்க சார்," என்றார் சிஸ்டர். "மூச்சு வாங்கிட்டு அப்புறமா திட்டுங்க."

பாவூவுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதாவிட்டால் சிஸ்டர் நாளையிலிருந்து துணி ஸ்டோரில் படுக்கை விரிப்பு எண்ணப் போக வேண்டும் என்றார் பெரிய டாக்டர். பிறகு என் பக்கம் திரும்பினார். "உன் அப்பான்னு நீதானே இவங்ககிட்ட சொன்னே?"

இதற்கு இல்லை என்று சொல்வது சுலபம். ஆனால் ஏன் இல்லை என்றும் சொல்ல வேண்டும். கான்ட்ராக்ட் புதுப்பிக்க இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

"இல்ல சார். எங்கப்பா வந்தது எனக்கே தெரியாது. அவர் பேர நான்தான் டைப் அடிச்சேன். தலையத் தூக்கிப் பாக்கல. பேப்பர் பாத்தேன் சார், ஆளப் பாக்கல. பாத்தது இவங்க மட்டுந்தான். எழுதிக் கேட்டாலும் இதையே எழுதித் தாரேன்."

சிஸ்டர் மேஜையிலிருந்த காகிதத்தை இழுத்துக்கொண்டார். "மன்னிப்புதான சார், எழுதுதேன்." எழுதி நீட்டியதைப் பெரிய டாக்டர் இரண்டு தடவை படித்தார். தாராவி முருகன் அவர்களுக்கு: கூச்சல் போட்டவரோடு மல்லுக்கட்டியதில் உங்களைப் பதினோரு நிமிஷம் தாமதமாகப் பார்த்தேன், மன்னிக்கவும்.

"புகார் குடுத்தது அவர் இல்லையே, சிஸ்டர்."

"மன்னிப்பு கேக்க வேண்டியது அவர்கிட்டதான் சார். இன்னொருத்தருக்கு எழுத எங்கிட்ட வார்த்தை இல்ல. ஸ்டோருக்கு அனுப்புததா இருந்தா என் நாற்காலியோட தூக்கிட்டுப் போங்க. நானா எந்திரிக்க மாட்டேன்."

தூக்க யாரும் வரவில்லை. கடிதம் கோப்புக்குள் போயிற்று, கோப்பு அலமாரிக்குள். என் கான்ட்ராக்ட்டை மட்டும் மூன்று மாதம் இழுத்தடித்துப் பிறகு புதுப்பித்தார்கள். சிஸ்டர் ஓய்வு பெறும் நாள் வரைக்கும் அதே மேஜையில் உட்கார்ந்து, அதே தானே வண்டியை ஓட்டினார். இத்தனைக்கும் ஒரு நாள்கூட என்னிடம் நல்ல வார்த்தை சொன்னதில்லை.

போன வருஷம், கடைசி நாள். மாலையும் சமோசாவும் முடிந்து பையைத் தூக்கிக்கொண்டு என் ஜன்னலில் வந்து நின்றார்.

"அப்பா எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காரு சிஸ்டர். வாயே மூடுறதில்ல. சாப்பிடும்போதும் பேச்சு, டிவி பாக்கும்போதும் பேச்சு. எங்களால தாங்க முடியல."

"பேசட்டும். நிறுத்தாத."

நேற்றும் நான் வேலைக்குக் கிளம்பும்போது அப்பா பட்டறைக் கதை ஒன்றை ஆரம்பித்தார். ஏற்கெனவே பத்துத் தடவை கேட்ட கதை. வண்டி போனால் போகட்டும் என்று செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன், சிஸ்டர்.