பரணுக்கு ஏன் கைப்பிடி இல்லை

ஆபத்து என்ற ஒன்றை இந்த உலகிலிருந்து யாராவது விரட்டியடித்தால், அந்தப் பெருமை எங்கள் கம்பெனியின் இடர் மேலாண்மைக் குழுவையே சேரும். நான் அதன் செயலாளர். மாலை வகுப்பில் இடர் மேலாண்மையும் காப்பீடும் படிக்கிறேன் என்பது ஒன்றே என் தகுதி. பாதிப் பாடம்தான் முடிந்திருக்கிறது. இதில் ஏதாவது புரியாவிட்டால், விளக்கம் மீதிப் பாதியில் இருக்கலாம்.

நாங்கள் மாடிப்படிக்கும் பால்கனிக்கும் கைப்பிடிக் கம்பி செய்கிறோம். ஊரில் பாதிப் பேர் எங்கள் கம்பியைப் பிடித்துத்தான் ஏறி இறங்குகிறார்கள். எங்கள் பட்டறையிலும் ஓர் உயரமான பரண் உண்டு. அதன் விளிம்பில் மட்டும் கைப்பிடி கிடையாது.

அங்கே வேலை செய்பவர் என் அக்கா வீட்டுக்காரர். அட்டைப்பெட்டிகளை இழுத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து விளிம்புக்கு வருவார்.

"மாப்ளே, நீதான் பெரிய குழுவுல இருக்கியே. இந்த ஓரத்துல ஒரு கம்பி போடச் சொல்லேன். கீழ நம்ம கம்பி மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு. மேல நான் காத்தப் புடிச்சிக்கிட்டு நிக்கறேன்."

"கூட்டத்துல வைக்கறேன் மாமா."

"வை, வை. நான் விழறதுக்குள்ள வை."

வைத்தேன். குழு நடுங்கிவிட்டது.

"நம்ம பரண்ல நம்ம கம்பியா?" என்று முதலாளி காப்பீட்டு ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறிவு வரப்போகிறது என்று அதற்கு அர்த்தம்.

"சார், கம்பி இருக்கற இடத்துல ஒருத்தன் விழுந்தா என்ன பேசுவாங்க? கம்பி சரியில்லன்னு. வாங்கினவன்லாம் கேஸ் போடுவான். அப்புறம் நம்ம பொருளுக்கு எவனும் பாலிசி தரமாட்டான். கம்பியே இல்லாத இடத்துல விழுந்தா?"

"விழுந்தா?"

"அது அவன் கவனக்குறைவு. நம்ம கம்பிதான் அங்க இல்லவே இல்லியே!"

அறையே மெய்சிலிர்த்தது. இல்லாத பொருளில் குறை இருக்க முடியாது! இவ்வளவு பெரிய உண்மையை என் பாடப்புத்தகம் எப்படித் தவறவிட்டது? நான்தான் அந்தப் பக்கத்தைச் சரியாகப் படிக்கவில்லையோ?

கணக்காளர் மட்டும், "அப்ப வேற கம்பெனிக் கம்பிய வாங்கிப் போட்டுடலாமே?" என்றார். முதலாளி ஒரு பார்வை பார்த்தார். கணக்காளர் அதன்பின் டீ குடிக்கக்கூட வாயைத் திறக்கவில்லை.

முடிவில், பரண் விளிம்பில் ஒரு பலகை மாட்ட "ஏகமனதாக" தீர்மானித்தோம்: "இங்கே கைப்பிடி இல்லை. கவனம்." மாமாவுக்கு முன்பே தெரிந்த விஷயம்தான். இப்போது "அதிகாரபூர்வமாக"த் தெரிந்தது.

"மாப்ளே, நான் பின்னாடியே நடந்து வரேன். போர்டை முதுகால எப்படிப் படிக்கறது?"

"அடுத்த கூட்டத்துல வைக்கறேன் மாமா."

அடுத்த கூட்டத்துக்கு முன்பே விழுந்துவிட்டார். கீழே குவிந்திருந்த எங்கள் கம்பிகளின் மேலேயே விழுந்தார். முதுகெலும்பு முறிந்தது. கம்பி ஒன்றுகூட வளையவில்லை. "பொருளின் தரம் மீண்டும் நிரூபணமானது" என்று குழு திருப்தி தெரிவித்தது.

முதலாளியும் ஆலோசகரும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அறை வாசலில் அக்கா நின்றிருந்தாள்.

"இனிமே எழுந்து நடப்பாரான்னு டாக்டருக்கே தெரியலடா. உன் குழுவுக்காவது தெரியுமா?"

அந்தப் பாடம் இன்னும் நடத்தவில்லை.

முதலாளி கட்டிலருகே குனிந்து, "உங்க கவனக்குறைவைக் கம்பெனி பெருசு பண்ணாது" என்று பெருந்தன்மையோடு சொன்னார். மாமா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறெங்கும் திரும்ப முடியாது.

திரும்பும்போது லிஃப்ட் ஓடவில்லை. படிகளை அப்போதுதான் ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள். முதல் படியிலேயே முதலாளிக்குக் கால் வழுக்கியது. பாய்ந்து இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். எங்கள் கம்பெனிக் கம்பி. வளைவில் எங்கள் முத்திரை.

செயலாளர் என்ற முறையில் நினைவூட்டினேன்: "சார், கைய எடுத்துடுங்க. புடிச்சிக்கிட்டு விழுந்தா நம்ம பொருள்ல குறைன்னு ஆயிடும்."

அவர் எடுக்கவில்லை. எதிர்ப்பக்கக் கம்பியை ஆலோசகர் பிடித்துக்கொண்டிருந்தார். கீழ்த்தளம் வரை இருவரும் விடவே இல்லை.

எங்கள் கம்பி யாரையும் விழவிடாது என்பதில் அவர்களுக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை.