ஐந்து நட்சத்திரங்களில் சாகாதிருக்க ஓர் உறுதிமொழி

சிப்பிகாட்,
கார்த்திகை மாதம் 12ஆம் நாள்.

சௌல்தாரியில் வீட்டுச் சொந்தக்காரராக விளங்குபவனும் என் தம்பி முருகானந்தத்தின் மகனுமாகிய சிரஞ்சீவி விஜயனுக்கு, பெரியப்பா ஐயாவு ஆசி கூறி எழுதுவது. முருகன் திருவருளால் நீயும், உன் குடும்பமும், நீ வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் ஆறு அறைகளும், அவற்றின் மேலிருக்கும் தகரமும் நலமாயிருக்க வேண்டுகிறேன். இங்கு நானும் உன் பெரியம்மா ஒச்சம்மாளும் நலம். அந்த நலத்துக்குத்தான் இப்போது அத்தாட்சி கேட்கிறார்கள். உறவு முறைப்படி உன்னை நீ என்றும், வீட்டுக்காரர் முறைப்படி தாங்கள் என்றும் எழுத வேண்டியவன் நான். கடிதத்தில் நீ என்றே எழுதுகிறேன். பத்திரத்தில் தாங்கள் என்று போட்டுக்கொள்வோம்.

நாங்கள் குடியிருக்கும் தகரக் கொட்டகையை இந்த மாதம் முடிவதற்குள் ஒழித்துத் தரும்படி அதன் சொந்தக்காரர் பக்தவத்சலம் சொல்லிவிட்டார். சீசன் தொடங்கிவிட்டதாம். டூரிஸ்டுகளுக்கு வாடகைக்கு விடுகிற எட்டு ஸ்கூட்டிகளுக்கு நிழல் வேண்டுமாம். “தப்பா நெனைக்காதீங்க பெரியவரே, வெயில்ல நின்னா சீட்டு வெடிச்சுருது” என்றார். வெயிலில் நின்றால் ஒச்சம்மாளுக்கு என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. எட்டு பேரோடு இரண்டு பேர் வாதாடுவது முறையாகாது.

ஆகவே தரகர் ஜெகநாதனுடன் வீடு தேடப் புறப்பட்டேன். இந்த ஊரில் நல்ல அறையென்றால் டூரிஸ்டுக்கு, அதற்கடுத்த அறை சர்க்கார் வேலையில் இருப்பவருக்கு, அதற்கும் கீழே மூன்று நாளுக்கொருமுறை தண்ணீர் வரும் அறைகள்தாம் ஒச்சம்மாள் ஓட்டலில் பாத்திரம் துலக்கும் கூலிக்கும் என் முதியோர் உதவித்தொகைக்கும் எட்டுகிறவை. அவற்றுக்கும் இப்போது நேர்முகத் தேர்வு உண்டு. பஜாருக்குப் பின்னால் வைஜெயந்தி என்ற அம்மையாரின் வீட்டில் வாசற்படியிலேயே நிறுத்தினார்கள். “தாத்தா, சுகர் இருக்கா?” “இல்லையம்மா.” “பிபி?” “இல்லை.” “ஹார்ட்டு?” இறைவன் தந்த அளவுக்கு இருக்கிறது என்றேன். “அரே ஜெகநாத், போன தடவையே சொன்னேன்ல, கெழவன்-கெழவி, புட்டா-புட்டி வேணாம்னு. கூட்டிட்டுப் போ” என்று கதவு சாத்தப்பட்டது. சுடலையையே குடியிருப்பாகக் கொண்ட பெருமானை அப்போது நினைத்துக்கொண்டேன். அவருக்குத் தரகர் தேவைப்படவில்லை, அட்வான்சும் கேட்கப்படவில்லை.

அதன் பிறகுதான் ஜெகநாதன், “சௌல்தாரில ஒரு ரூம் காலியா இருக்கு, ஓனர் நம்ம தமிழ் ஆளுதான்” என்று உனக்கே போன் போட்டான். அவன் போனுக்குக் காது மந்தம். ஆகையால் ஸ்பீக்கரில்தான் பேசுவான். நீ பேசியது முழுவதும் கேட்டேன். “எங்க பெரியப்பாவா? நமஸ்தே சொல்லிரு. ஆனா பையா, அவருக்கு எழுபத்தி நாலு, பெரியம்மாவுக்கு மூச்சிரைப்பு. அடைப்பு நட்சத்திரத்துல ஏதாச்சும் ஆயிட்டா ரூம ஆறு மாசம் பூட்டிப் போடணும். அதப் பாத்து மத்த ரூம்காரனும் ஓடிருவான். டிராவல்ஸ் பசங்க யாராச்சும் இருந்தா கொண்டா.” ஜெகநாதன் போனை வைத்துவிட்டு, “நமஸ்தே சொன்னாரு” என்றான்.

உன்னைக் குறை சொல்ல மாட்டேன். அவிட்டம் முதல் ரேவதி வரை ஐந்து நட்சத்திரங்களில் ஓர் உயிர் பிரிந்தால் அந்த இடத்தை ஆறு மாதம் அடைத்துவைக்க வேண்டும் என்ற விதியை உன் குடும்பத்துக்குச் சொன்னவனே நான். கட்சால் தீவு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிய நாற்பது ஆண்டும், எந்தக் குவார்ட்டர்ஸில் சாவு விழுந்தாலும் பஞ்சாங்கத்தோடு என்னைத்தான் அழைப்பார்கள். உன் அப்பா சதயத்தில் காலமானபோது உங்கள் அறையை நான்தான் பூட்டச் சொன்னேன். அந்த ஆறு மாதம் நீங்கள் எங்கள் ஒற்றை அறையில், பதினொரு பேராக, தலைமாடு கால்மாடாகப் படுத்திருந்தீர்கள் என்பதைச் சொல்லிக்காட்டுவது பெரியவனுக்கு அழகல்ல; ஆகையால் அதை இங்கே எழுதவில்லை. சுனாமி அன்று என்ன நட்சத்திரம் என்று மட்டும் நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தீவையே பூட்ட வேண்டி வந்திருக்கும்.

விதியை அறிந்தவன் என்பதால் விதிக்குள் நின்றே ஒரு வழி சொல்கிறேன். மேற்படி ஐந்து நட்சத்திரங்களில் நானோ என் மனைவியோ உன் அறையில் இறக்க மாட்டோம் என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டுத் தருகிறேன். அவள் கைநாட்டு வைப்பாள். உனக்கு அதிலும் நம்பிக்கை இல்லையென்றால், மாதந்தோறும் அந்த ஐந்து நாளும் அறையைப் பூட்டிக்கொண்டு கப்பல் நிற்கும் ஜெட்டியில், பயணிகள் கூடத்தில் போய் இருக்கிறோம். அங்கே ஏதாவது நேர்ந்தால் ஆறு மாதம் துறைமுகத்தை அடைத்துக்கொள்ளட்டும். வாடகையை மாதம் பிறந்ததும் முன்கூட்டியே தருவோம். இரவில் இருமல் வந்தால் ஒச்சம்மாள் தலையணையில் வாய் வைத்து இருமுவாள், இப்போதே பழகிவருகிறாள். ஐம்பது ஆண்டுகளாக நாள்தோறும் ஆண்டவனிடம் நல்ல சாவு ஒன்றையே வேண்டினேன். அந்த விண்ணப்பத்தைத் திருத்தி, ஆகாத தேதிகளைக் குறித்து மறுபடி சமர்ப்பித்திருக்கிறேன். நான் உன்னிடம் கேட்பது கதவுள்ள ஓர் அறை. அவளை இந்த வயதில் கோவில் மண்டபத்தில் படுக்கவைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

நீ குறையாத செல்வமும், நிறைந்த மக்கட்பேறும், வாடகை தவறாத குடித்தனக்காரர்களும் பெற்று, நானறிந்த நல்ல நட்சத்திரங்களிலெல்லாம் நீடு வாழ்வாயாக.

இப்படிக்கு உன் நலம் மறவாத பெரியப்பா,
ஐயாவு

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் ஜெகநாதன் வந்தான். உன் ஐந்தாம் அறையிலிருந்த டிராவல்ஸ் டிரைவர், இருபத்தாறு வயதுப் பிள்ளை, இன்று காலை ஆறரை மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டானாமே. அவன் தாய்க்கு இறைவன்தான் துணை. இன்று ரேவதி. மற்றவர்கள் மூட்டை கட்டுகிறார்கள் என்றும், அடைப்பு உண்டா என்று என்னைக் கேட்டுவரச் சொன்னாய் என்றும் சொன்னான். பஞ்சாங்கத்தை மூன்று முறை பார்த்தேன். சூரிய உதயத்திலிருந்து இரண்டு நாழிகை, அதாவது நாற்பத்தெட்டு நிமிடம் வரை ரேவதி என்று போட்டிருக்கிறது. அது மெயின்லேண்டு உதயம். நம் தீவில் சூரியன் முக்கால் மணி நேரம் முந்தி, ஐந்தரைக்கே எழுந்துவிடுகிறான். ஆகவே ஆறரைக்கு இங்கே அசுவினி வந்துவிட்டது; அடைப்பு இல்லை. எத்தனையோ வீடுகளைப் பூட்டச் சொன்ன எனக்கு இந்தக் கணக்கு இதுவரை தோன்றியதில்லை. இன்று ஏன் தோன்றியது என்பது ஒச்சம்மாளுக்குத் தெரியும். அவள் என் முகத்தைப் பார்க்காமல் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருக்கிறாள். மேலே எழுதிய உறுதிமொழிகளைக் கிழித்துவிடு. யாராவது சந்தேகப்பட்டால், விதி தெரிந்த பெரியப்பாவே அந்த ஐந்தாம் அறைக்குக் குடிவருகிறார் என்று சொல். தோஷம் ஏதேனும் இருந்தால் என் தலையோடு போகட்டும். சாவியை ஜெகநாதனிடம் கொடுத்தனுப்பு.