பால் காய்ச்சிய ஜெயில்

ஒரு காட்டில் ஒரு ஜெயில் இருந்தது. பத்து மிருகங்களுக்காகக் கட்டிய ஜெயில். உள்ளே இருந்தவை முப்பத்தொன்று. எல்லோரும் ஒருக்களித்துத்தான் படுக்க முடியும். ஒருவர் மட்டும் தனியாகப் புரள முடியாது. அதனால் ஜெயிலர் கரடி ஜாமத்துக்கு ஒரு தடவை விசில் ஊதி, "எல்லாரும் வலப்பக்கம் திரும்பு!" என்று கத்துவார். முப்பத்தொரு பேரும் ஒரே தோசை போலத் திரும்புவார்கள்.

இதில் முள்ளம்பன்றி செங்கமலத்தின் பாடுதான் பெரும்பாடு. ராஜாவின் தோட்டத்தில் வள்ளிக்கிழங்கு தோண்டியதற்காக உள்ளே வந்தவள். அவள் திரும்பும்போதெல்லாம் கொட்டடி முழுக்க "ஐயோ, அம்மா!" என்று சத்தம் கிளம்பும்.

"அக்கா, முள்ளைக் கொஞ்சம் மடக்கிக்கோயேன்" என்றது பக்கத்தில் படுத்திருந்த கீரி.

"இது என்ன குடையாடா, மடக்கறதுக்கு?"

செங்கமலத்துக்கு வேறொன்றும் வேண்டாம். விசில் இல்லாமல், தன் இஷ்டத்துக்கு, ஒரே ஒரு தடவை புரண்டு படுக்க வேண்டும். சிங்கராஜா ஜெயிலைப் பார்வையிட வந்த அன்று அதைத்தான் கேட்டாள்.

"விடுதலைகூடக் கேக்கலை ராஜா. புரள இடம் குடுங்க, போதும்."

"அப்படி என்ன நெருக்கடி?" என்று ராஜா தலையை உள்ளே நீட்டினார். மூக்கில் ஒரு முள் ஏறியது. ஜெயிலை உடனே விரிவாக்க உத்தரவு போட்டார்.

தூக்கணாங்குருவி ஒரு வரைபடம் கொண்டுவந்தது. அதில் ஜெயில் கிளையில் தொங்கியது. "யானையைப் பிடிச்சா?" என்று கேட்டார் கரடி. "அதைக் கிளை பாத்துக்கும்" என்றது குருவி. பெருச்சாளியின் வரைபடத்தில் பின்பக்கம் சுரங்கம் இருந்தது. "இது எதுக்கு?" "பழக்கதோஷங்க."

கடைசியில் இன்ஜினியர் கறையானுக்கு வேலை கிடைத்தது. சுவர் எழும்பியது. சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு. சாவித் துவாரம் வெளிப்பக்கம் மட்டும்.

"ஆயிரம் பேர் தாராளமாப் படுக்கலாம் ராஜா. நானே படுத்துப் பார்த்தேன்" என்றது கறையான்.

அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

"புதுக் கட்டடம். பால் காய்ச்சாம ஆளைக் குடிவைக்கலாமா?" என்றார் கரடி.

"கைதி கையால காய்ச்சினா விளங்குமா? நாமே காய்ச்சுவோம்" என்றார் ராஜா.

வாழைமரம் கட்டினார்கள். மைக்செட் அலறியது. கைதிகளை வெளியே மரத்தடியில் வரிசையாக நிறுத்தினார்கள். பந்தி இன்னும் போடவில்லை. ஆகவே யாரும் ஓடவில்லை.

கரடி குளித்துப் பட்டு வேட்டி கட்டியிருந்தார். வேட்டியில் பை இல்லை. சாவியையும் விசிலையும் மாட்ட ஆணி தேடினார். எதிரே செங்கமலம் நின்றாள்.

"ஆணி மாதிரிதானே இருக்கு. அசையாம நில்லு" என்று இரண்டையும் அவள் முள்ளில் மாட்டிவிட்டு உள்ளே போனார்.

ராஜா வலதுகாலை எடுத்து வைத்தார். தர்பார் மொத்தமும் பின்னால் போனது. பால் பொங்கியது. புரோகிதர் கொக்கு கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "பால் காய்ச்சினவங்க இன்னிக்கு ராத்திரி இங்கேயே படுக்கணும். இல்லேன்னா கட்டடம் விளங்காது."

"விளங்கட்டும். கதவைச் சாத்துங்க!" என்றார் ராஜா.

'டக்' என்றது பூட்டு.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல்கள் வந்தன.

"ராஜா, உங்க வால் என் காதுல இருக்கு."

"ஜெயிலரே, என்னால புரள முடியலை! அந்த இன்ஜினியர் எங்கே?"

"உங்களுக்கு அடியிலதான் இருக்கேன் ராஜா. எனக்கு இடம் தாராளமா இருக்கு."

"செங்கமலம்! கதவைத் திற!" என்று கரடி கத்தினார்.

"அக்கா, வா, ஓடிடலாம்" என்று கீரி இழுத்தது.

"இருடா." செங்கமலம் சாவியைக் கழற்றிக் கிணற்றில் போட்டாள். புல்தரையில் படுத்தாள். இடப்பக்கம் புரண்டாள். வலப்பக்கம் புரண்டாள். பந்திப் பாய்வரை உருண்டு போய், உருண்டே திரும்பி வந்தாள். "ஐயோ" என்று சொல்ல ஒருவரும் இல்லை.

பிறகு விசிலை எடுத்து ஓங்கி ஊதினாள்.

"எல்லாரும் வலப்பக்கம் திரும்பு!"

உள்ளே தர்பார் மொத்தமாகத் திரும்பும் சத்தம் கேட்டது. கைதிகள் பந்தியில் உட்கார்ந்தார்கள். பாயசம் வந்தது.

நீதி: பட்டு வேட்டியானாலும் ஒரு பை வைத்துத் தைத்துக்கொள்க.