ஆறு டிகிரி வீடு

"இது தாராவியா, சிம்லாவா?"

பேராசிரியை பத்மஜா மடிக்கணினியை நகுல் பக்கம் திருப்பினார். திரையில் ஆறு டிகிரி. ஜன்னலுக்கு வெளியே மாதுங்கா மே மாத வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது.

தகரக் கூரை வீடுகளுக்குள் எவ்வளவு சூடு ஏறுகிறது என்பதுதான் அவர்களுடைய கோடைக்கால ஆய்வு. கல்லூரி ஒரு மாணவனையும் ஒரு பேராசிரியரையும் ஜோடி சேர்த்துவிட்டிருந்தது. கட்டுரை தேறினால் நகுலின் பெயரும் அச்சில் வரும். வெளிநாட்டு மேற்படிப்புக்கு அவன் நம்பியிருந்தது அதை மட்டும்தான். முதல் வீடு தாராவியில் முப்பிடாதியம்மாளுடையது. அங்கே வைத்த வெப்பம் பதியும் கருவியின் கணக்கே சரியாக வராவிட்டால், மற்ற வீடுகளுக்குக் கல்லூரி கருவி தராது.

நகுல் எரிச்சலோடு அவள் வாசலில் போய் நின்றான்.

"ஆன்ட்டி, மிஷின் எங்கே?"

"ஃபிரிட்ஜில இருக்கு தம்பி. சூட்டுல கெட்டுப் போயிரும்லா."

"அதெல்லாம் கெடாது. ஃபிரிட்ஜில வைக்கவே கூடாது."

"சரிய்யா. நேத்தே சொல்லியிருக்கலாம்லா?"

அடுத்த வாரம் இரவும் பகலும் ஒரே இருபத்திரண்டு டிகிரி. "மாமி ஏசி வாங்கிட்டாளா?" என்றார் பத்மஜா. நகுல் ஓடினான். கருவி சந்து முனை மொபைல் கடையில், ஏசிக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

"ஃபிரிட்ஜில வைக்காதன்னுதான சொன்ன. கடையில வைக்காதன்னு எப்ப சொன்ன?"

பல்லைக் கடித்துக்கொண்டு அவனே அவள் வீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டினான். அவன் தலை மறைந்ததும் முப்பிடாதியம்மாள் அதன்மேல் ஈரத்துணியைப் போர்த்தினாள். மறுநாள் கருவி செத்துப்போயிற்று.

"ஒரு மிஷினைச் சுவத்துல மாட்டி வைக்கத் துப்பில்லை. உனக்கு ஃபாரின் படிப்பு வேற. நானே வரேன்" என்றார் பத்மஜா.

புதுக் கருவியோடு வந்தார். மூன்று பேர் நிற்க வீட்டுக்குள் இடமில்லை. வாசலுக்கு எதிரே இருந்த காலி இடத்தில் நின்றபடியே ஆரம்பித்தார்.

"இத பாருங்கோ, ஒரு பையனோட எதிர்காலத்தையே கெடுக்கறேள்."

"நான் என்ன கெடுத்தேன்? எங்க வீடு குளுகுளுன்னு இருக்கு. அத எழுதுங்க." முப்பிடாதியம்மாள் கழுத்து வியர்வையை முந்தானையால் துடைத்தாள்.

"குளுகுளுவா? இங்க நின்னாலே மயக்கம் வரது."

"யாரு ஒங்கள நிக்கச் சொன்னா?"

நகுலுக்குப் பொறுமை போய்விட்டது. "சூடுன்னு எழுதினா உங்களுக்கென்ன நஷ்டம் ஆன்ட்டி? உங்களுக்காகத்தானே இவ்வளவு அலையறோம்?"

பக்கத்து வீட்டு வாசலில் பிளாஸ்டிக் மூடிகளை நிறம் பிரித்துக்கொண்டிருந்த இசக்கிதான், தலையைத் தூக்காமல் பதில் சொன்னார்.

"போன வருசமும் ஒரு காலேஜில இருந்து வந்து எங்களுக்காகத்தான் அலைஞ்சாவ. மனுசன் குடியிருக்க லாயக்கில்லாத சூடுன்னு எழுதிக் குடுத்தாவ. அந்தக் காயிதத்தக் காட்டித்தான் முனிசிபாலிட்டிக்காரன் வந்து வீட்ட இடிச்சான். அந்த வீட்டுலதான் தம்பி, இப்ப நீங்க ரெண்டு பேரும் நிக்கிய."