பூட்டை விளக்க ஒரு வார்த்தை

"சார், இழுக்காதீங்க! இழுத்தா இன்னொரு போல்ட் விழும்!"

சொல்லி முடிப்பதற்குள் கதவுக்குள் 'டக்' என்றது. விழுந்தேவிட்டது.

அகராதி நெற்றியைக் கதவில் முட்டிக்கொண்டார். ஆபீஸில் அவருக்கு அதுதான் பெயர். பூட்டுக் கம்பெனிக்கு ஆங்கில விளக்கத்தாள் எழுதுவது வேலை. புதுப் பூட்டை மீட்டிங் அறைக் கதவில் மாட்டிப் பார்த்திருந்தார்கள். தப்பாகக் கை வைத்தால் ஒவ்வொரு தடவையும் கூடுதலாக ஒரு போல்ட் விழும். திருடனுக்காகச் செய்த ஏற்பாடு. உள்ளே மாட்டிக்கொண்டதோ முதலாளி.

உள்ளே அவரோடு ஒரு பெண்ணும் இருந்தாள். பளபளக்கும் ஷூ, நிமிர்ந்த நடை. உள்ளே போகும்போதே பார்த்து அகராதி முடிவு கட்டிவிட்டார்: பெரிய கஸ்டமர். இந்த ஆர்டர் நழுவினால் அடுத்து நழுவுவது தன் நாற்காலிதான்.

பூட்டைச் செய்த டிசைனரோ விமானத்தில். போன் அணைந்திருந்தது.

"யோவ், நீ எழுதின பேப்பர்தான் கையில இருக்கு. 'ஜென்ட்லி மானிப்புலேட் தி இன்ட்யூட்டிவ் இன்டர்ஃபேஸ்.' அப்படின்னா?"

"குமிழைத் திருப்பணும் சார்."

"எந்தப் பக்கம்?"

அகராதிக்கு வியர்த்தது. பக்கத்தைச் சொன்னால் வாக்கியத்தின் கம்பீரம் கெடும் என்று அடித்துவிட்டிருந்தார்.

"வலது பக்கம்... போல இருக்கு சார்."

டக்.

"குமிழைக் குமிழ்னு எழுதித் தொலைச்சா என்னய்யா?"

"முதல்ல 'சிம்பிள்'னுதான் சார் எழுதினேன். 'திருடன் செருப்பைக் கழட்டி வச்சுட்டு நிதானமா உள்ள வருவான்'னு திருப்பி அனுப்பினீங்க. 'காம்ப்ளிகேட்டட்'னு மாத்தினேன். 'வாங்கறவன் பயந்து ஓடுவான்'னீங்க. அப்புறம் 'சொஃபிஸ்டிகேட்டட்', 'இன்ட்ரிகேட்', 'எஃபர்ட்லெஸ்'..."

"அத்தனையும் சேர்த்துக் கதவைத் திறய்யா!"

"கீழே பாருங்க சார், 'ஹார்மோனியஸ் டூயல் ஆக்‌ஷன்'னு ஒண்ணு இருக்கும். அதைச் செஞ்சு பாருங்களேன்."

"அது என்னய்யா கர்மம்?"

அகராதிக்கே ஞாபகம் வரவில்லை. எழுதிய அன்றைக்கு ஏதோ அர்த்தம் இருந்தது.

"ரெண்டு கையாலயும் பிடிச்சு... ஒத்துமையா..."

டக். டக்.

ரிசப்ஷன் பெண் போனோடு ஓடி வந்தாள். "சார், சுவரை உடைக்கிறவர் லைன்ல இருக்காரு. சுத்தியலா, டிரில்லானு கேக்கறாரு."

முடிந்தது. இந்த வயதில் வேறு எங்கே போய் யாருக்கு என்ன எழுதுவது? அகராதி கதவடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் உள்ளிருந்து அந்தப் பெண்ணின் குரல் கேட்டது.

"வெளியில இருக்கிற சார், எழுதினதை மறந்துடுங்க. டிசைனர் திறந்து காட்டும்போது கையை என்ன பண்ணாரு?"

அகராதி கண்ணை மூடி, காற்றில் கையை வைத்துப் பார்த்தார்.

"அமுக்கினாரு. விட்டாரு. இடப்பக்கம் திருப்பினாரு."

"பிரஸ். ரிலீஸ். டர்ன் லெஃப்ட்" என்று சொல்லிக்கொண்டே அவள் குமிழைத் திருப்பினாள்.

போல்ட்டுகள் வரிசையாகப் பின்வாங்கின. கதவு திறந்தது. சட்டை நனைந்த முதலாளியும், தலை கலையாத அந்தப் பெண்ணும் வெளியே வந்தார்கள்.

"சரி, அப்ப திருடனுக்கு என்ன சொல்றது?" என்றார் முதலாளி விடாமல்.

"'ஹார்ட் டு பிரேக், ஈஸி டு ஓப்பன்.' உடைக்கக் கஷ்டம், திறக்க லேசு. போதாதா சார்?" என்றாள் அவள்.

அகராதிக்கு அழுகை முட்டியது. மாதக்கணக்கில் சோறு தண்ணி இறங்காமல் அவர் தேடிய வார்த்தைகள், பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த வார்த்தைகள். ஆனாலும் கஸ்டமரைக் குளிர வைக்க இதைவிட நல்ல நேரம் வராது.

"சார், இப்படி ஒருத்தர் நம்ம கம்பெனிக்குக் கிடைச்சா நாம எங்கேயோ போயிடுவோம்!"

முதலாளி நின்றார். "மனசாரச் சொல்றீங்களா?"

அந்த 'ங்க' அகராதிக்கு இனித்தது. "சத்தியமா சார்!"

முதலாளி அவர் தோளை மெல்லத் தட்டிக்கொடுத்துவிட்டு, அந்தப் பெண்ணைத் தன் அறைக்கு அழைத்துப் போனார்.

அகராதி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "பார்த்தியாம்மா? ஆர்டர் நிச்சயம். மேடம் எந்தக் கம்பெனி?"

ரிசப்ஷன் பெண் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "ஆர்டரா? அவங்க உங்க வேலைக்கு இன்டர்வியூ வந்தவங்க சார்."