எழுபதில் நின்ற தொட்டி

பெட்டி எழுபது என்றது.

காலை ஆறு மணிக்கும் எழுபது என்றுதான் சொல்லியிருந்தது. பன்னிரண்டு அறைக்காரர்களும் அருவியில் குளித்தது போதாமல் அறைக்குத் திரும்பி இன்னொரு முறை குளித்து முடித்த பிறகும் எழுபது. இப்போது மணி இரண்டு. குற்றாலத்து லாட்ஜ் ஒன்றின் வரவேற்பு மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த ஜெபசிங், பெட்டியின் தலையில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினான். மின்னணுவியல் நான்காண்டு படித்தவன் செய்கிற முதல் பரிசோதனை அது.

எழுபது.

"என்னலே தட்டுத, தேங்காயா?" என்றார் நாறும்பூநாதன் அண்ணாச்சி.

லாட்ஜ் அவருடையது. தென்காசியில் பாத்திரக்கடை வைத்திருந்ததால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் இங்கே வந்து முதலாளியாக இருப்பார்.

பெட்டி ஜெபசிங்குடையது. சித்திரை மாதம் அவனே மாடியேறி, தண்ணீர்த் தொட்டியின் மூடிக்கு அடியில் ஒரு சென்சாரைப் பொருத்தி, அதன் வயரைக் கீழே இந்த மேசை வரை இழுத்து வந்திருந்தான். சென்சார் ஒரு சத்தம் எழுப்பும். சத்தம் தண்ணீரில் பட்டுத் திரும்பும். திரும்ப ஆகும் நேரத்தை வைத்து, தொட்டியில் எத்தனை சதவீதம் தண்ணீர் என்று பெட்டி சொல்லும். இருபதுக்குக் கீழே போனால் மோட்டாரைத் தானே போடும். தொண்ணூறு தொட்டதும் தானே அணைக்கும். சித்திரையிலும் வைகாசியிலும் ஒழுங்காகத்தான் சொன்னது. ஆனியில் எழுபதில் போய் உட்கார்ந்தது. எழுந்திருக்கவில்லை.

நான்கு மணிக்கு அபர்ணா மேடம் வருகிறார்.

மேடம் துறைத்தலைவர். ஏப்ரல் மாதம் கல்லூரியில் நடந்த புராஜக்ட் தேர்வில் ஜெபசிங் ஒரு வாளியைக் காட்டி இதுதான் தொட்டி என்று சொல்ல, "வாளிக்கு எதுக்குப்பா மோட்டார்?" என்று கேட்டுக் கையெழுத்தை நிறுத்தி வைத்தவர். நிஜத் தொட்டியில் ஓடட்டும், வந்து பார்க்கிறேன் என்றார். எப்படியும் சீசனுக்குக் குடும்பத்தோடு குளிக்க வருவதால், அருவிக்கும் காருக்கும் நடுவே அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார். அவர் கையெழுத்து இல்லாமல் பட்டம் இல்லை. பட்டம் இல்லாமல் ஒன்றாம் தேதி சென்னையில் வேலை இல்லை. வேலை காத்திருப்புப் பட்டியலில் அடுத்தவனுக்குப் போய்விடும். அடுத்தவன் ஜெபசிங்கின் உயிர் நண்பன் முகம்மது ஆசிக். ஆசிக் நல்லவன். வேலையை வாங்கிக்கொண்டு அவனே ஆறுதலும் சொல்லுவான். அதைத்தான் தாங்க முடியாது.

"அண்ணாச்சி, தொட்டியில தண்ணி இருக்குல்லா?"

அண்ணாச்சி எழுந்து போய்க் கைகழுவும் குழாயைத் திறந்தார். தண்ணீர் சீறி வந்து அவர் சட்டையின் பாதியை நனைத்தது.

"பின்ன இது என்ன, பன்னீரா?"

"ஒரு எட்டு மேல போய்ப் பாத்துட்டு வந்திருதேன்."

"மாடிச் சாவி சங்கரம்மாகிட்ட இருக்கு. அவ செங்கோட்டைக்குப் போயிருக்கா. படியெல்லாம் பாசி. வழுக்கி விழுந்தேன்னா ஒங்க அப்பாவுக்கு யாருலே பதில் சொல்ல?"

சங்கரம்மாள் அறைகளைப் பார்த்துக்கொள்பவள். வாரத்தில் மீதி ஆறு நாளும் லாட்ஜுக்கு முதலாளி அவள்தான்.

ஆக, தொட்டியில் தண்ணீர் இருக்கிறது. பெட்டியில் தப்பு இருக்கிறது. ஜெபசிங் தன் புரோகிராமைப் படித்துப் பார்த்தான். முப்பது வரி. அதில் நிஜமாக வேலை செய்வது ஒரே வரி. அந்த ஒரு வரி செய்யும் வேலை, லைப்ரரியைக் கூப்பிடுவது. லைப்ரரி என்றால் எங்கோ ஒரு புண்ணியவான் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவைத்த புரோகிராம். ஆனி மாதத்தில் ஒரு நாள், லைப்ரரிக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறது, மாற்றிவிடலாமா என்று கணினி கேட்டது. அவனும் கல்யாண வீட்டில் பாயசம் வேண்டுமா என்று கேட்டால் தலையாட்டுவது போலத் தலையாட்டியிருந்தான். அதே வாரம்தான் எழுபது வந்து உட்கார்ந்தது.

சந்தேகத்துக்கு இடமே இல்லை.

லைப்ரரியைக் கூப்பிடும் வரியின் மேல் மவுஸை வைத்து வலப்பக்கம் அழுத்தினால், இது எழுதப்பட்ட இடத்துக்குப் போ என்று ஒரு வழி இருக்கும். நான்கு ஆண்டுகளில் ஜெபசிங் அதை அழுத்தியதில்லை. வகுப்பில் யாருமே அழுத்தியதில்லை. இன்று அழுத்தினான்.

அறுநூறு வரி திறந்தது. நடுவில் ஒரு எண்ணுக்குப் பக்கத்தில், எழுதியவர் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு வைத்திருந்தார்: இந்த எண்ணைத் தொடாதீர்கள், நான் தொட்டுப் பார்த்துவிட்டேன்.

ஜெபசிங் அதைத் தொடவில்லை. அதற்கு அடுத்த வரியைத் தொட்டான். எதிரொலி சரியாகத் திரும்பாவிட்டால் பழைய அளவையே மறுபடி கொடு என்றது அந்த வரி.

"பிடிச்சிட்டேன் அண்ணாச்சி. பழசையே திருப்பித் திருப்பிச் சொல்லுதான்."

"எவன்லே அவன்?"

"எந்த ஊர்க்காரன்னு போடல."

வரியை நீக்கினான். பெட்டிக்கு ஏற்றினான். பெட்டி யோசித்துவிட்டு, முந்நூற்று நாற்பது என்றது.

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "அப்பம் தண்ணி தொட்டிக்கு வெளியில கெடக்கா?"

ஜெபசிங் ஆசிக்குக்குப் போன் போட்டான்.

"லைப்ரரிக்குள்ளயா போன?" ஆசிக்கின் குரல் தாழ்ந்தது. "நம்ம ஊர்ல ஒருத்தனும் போனதில்லலே."

"நான் போயிட்டேன்."

"அப்படியே திரும்பி வந்திரு. பழைய பதிப்பைப் போடு, சரியாயிரும்."

பழைய பதிப்பைப் போட்டான். எழுபது. இன்னொருவனாக இருந்தால், இரண்டு பதிப்பும் ஒரே எண்ணைச் சொல்கிறதே என்று கொஞ்சம் யோசித்திருப்பான். ஜெபசிங் உறுதியானவன். தப்பு பழையதிலேயே இருந்திருக்கிறது, அப்படியானால் இன்னும் ஆழத்தில் இருக்கிறது என்று முடிவு செய்தான்.

அறுநூறு வரிக் கோப்பு இன்னொரு கோப்பைக் கூப்பிட்டது. அங்கே போனான். அது மூன்றாவது ஒன்றைக் கைகாட்டியது. அங்கேயும் போனான். தாலுகா ஆபீஸில் ஒரு மேசை அடுத்த மேசையைக் காட்டுவது போலக் காட்டிக் காட்டி, நான்காவது கோப்பில் கொண்டுபோய் விட்டது. அங்கே குறிப்பு ஒன்றுகூட இல்லை. வெறும் எண்களும் அடைப்புக்குறிகளும். நேரத்தைக் கணக்கிடும் வரி அங்கேதான் இருந்தது. ஜெபசிங் அதைத் தன் மனசாட்சிப்படி திருத்தினான்.

பெட்டி வீறிட்டது.

வீறிட்டு நிற்கவில்லை. ஏழாம் நம்பர் அறைக்காரர் தலையில் எண்ணெய் வழிய, இடுப்பில் துண்டோடு, இரண்டு பிள்ளைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"அருவியில வெள்ளம் வந்துட்டுதா சார்?"

"இல்ல சார், புராஜக்ட்" என்றான் ஜெபசிங்.

"அது எந்தப் பக்கம் வருது?"

அண்ணாச்சி அவரைச் சமாதானப்படுத்தி அறைக்கு அனுப்பிவிட்டு வந்தார். முகம் இறுகியிருந்தது. "ஏலே, சீசன்ல என் ரூமைக் காலி பண்ண வச்சிராத. நீ அது வாயைப் பொத்துதியா, நான் வயரைப் பிடுங்கட்டா?"

ஜெபசிங் சத்தம் எழுப்பும் வரியை அணைத்தான். பெட்டி அமைதியாகி, பூஜ்யம் என்றது. பூஜ்யம் இருபதுக்குக் கீழே. லாட்ஜின் பின்பக்கத்திலிருந்து திடீரென்று ஓர் உறுமல் கிளம்பியது.

அண்ணாச்சி காதைத் தீட்டினார். "மோட்டாருல்லா ஓடுது. ஒன் மிஷினு எழுபதுல நின்ன நாள்ல இருந்து அது ஓடவே இல்லியே."

"ஓடட்டும் அண்ணாச்சி."

"வழிஞ்சிச்சுன்னா?"

"தொண்ணூறு ஆனா தானா நின்னுரும்."

"இப்பம் பூஜ்யம்னுல்லா காட்டுது. எப்பம்லே தொண்ணூறு ஆகும்?"

கேள்வி நியாயமானது. மோட்டாரைக் கையால் அணைக்கும் சுவிட்ச் சங்கரம்மாளின் அறையில் இருந்தது. அறை பூட்டியிருந்தது. மணி மூன்றேகால். ஜெபசிங் வாழ்க்கையில் முதல்முறையாகத் தோல்வியை ஒப்புக்கொண்டான். நுழைந்து பார்த்த நான்கு கோப்பையும் அழித்தான். கைபேசியின் இணையத்தில், சாரலுக்கு நடுவே, லைப்ரரி சொட்டுச் சொட்டாக மறுபடி இறங்கியது. மணி மூன்று ஐம்பதுக்கு, எழுதியவர் எழுதியபடியே, ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் பெட்டிக்கு ஏற்றினான். கண்ணை மூடிக்கொண்டு ஜெபித்தான். எழுபது என்று மட்டும் சொல்லிவிடாதே.

கண்ணைத் திறந்தான்.

எழுபத்தொன்று.

"அண்ணாச்சி," என்றான்.

எழுபத்திரண்டு. எழுபத்து நான்கு. அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கிரிக்கெட் பார்ப்பது போலப் பார்த்தார். எழுபத்தெட்டு வந்தபோது அபர்ணா மேடம் ஈரத் தலையில் துண்டைச் சுற்றியபடி உள்ளே வந்தார். குளிரில் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

"ஓடுதா ஜெபசிங்?"

அவன் பெட்டியைக் கைகாட்டினான். எண்பத்தொன்று. எண்பத்தைந்து. மேடம் நின்றுகொண்டே பார்த்தார். தொண்ணூறு வந்ததும் பின்பக்கத்து உறுமல் தானாக அடங்கியது.

"போன வாரம் ஒரே நம்பர்ல நிக்குதுன்னு சொன்னியே. எப்படிச் சரி பண்ணின?"

"லைப்ரரிக்குள்ள போய்ப் பாத்தேன் மேடம். நாலு கோப்பு தாண்டி."

மேடம் அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பதினெட்டு ஆண்டாகப் பாடம் நடத்தி, அந்த வாசலைத் திறந்த ஒருவனை முதன்முதலாகப் பார்க்கும் முகம். "பசங்க யாருமே போறதில்லப்பா. நானே போனதில்ல" என்றார். தாளை வாங்கி, இன்ஷியலோடு முழுக் கையெழுத்தும் போட்டார். நான் பார்த்து வளர்ந்த பையன் என்கிற தோரணையில் அண்ணாச்சி எதிர் டீக்கடைக்காரரைக் கூப்பிட்டு மூன்று சுக்குக் காப்பி சொன்னார்.

"ஃபைலுக்கு ஒரு போட்டோ வேணும்," என்றார் மேடம். "தொட்டியைத் திறந்து, தண்ணியோட."

அந்நேரம் சங்கரம்மாள் குடையை மடக்கிக்கொண்டு படியேறி வந்தாள். அண்ணாச்சி பெருமையோடு கையை நீட்டினார். "ஏட்டி, மாடிச் சாவியைக் கொடு. தம்பி மிஷினு தானா மோட்டாரைப் போட்டு, தானா தொட்டியை ரொப்பிட்டு."

சங்கரம்மாள் சாவியை எடுக்கவில்லை. கையிலிருந்த பை மெதுவாகத் தரைக்கு இறங்கியது.

"தொட்டியிலயா தண்ணி விட்டீய?" என்றாள். "ஆனி பொறந்ததுமே ஓடைத் தண்ணிய நேரா ரூமுக்குத் திருப்பி, தொட்டியைக் காயவச்சு, பன்னெண்டு ரூமு மாத்துத் தலையணையும் அதுக்குள்ளதான அண்ணாச்சி அடுக்கி வச்சிருக்கேன், இந்தச் சாரல்ல குத்தாலத்துல நனையாத எடம் அது ஒண்ணுதான இருந்துச்சு."