நாற்பது பாதைகளுக்கு மேல் கிடையாது

சேலத்திலுள்ள சுகாதாரத் துறைத் தலைமையகத்தின் கோப்புகளில் அதற்குப் பெயர் ‘ஏற்காடு மலைநிலையம்’. நேரில் பார்த்தால் ஓர் அறை. அதில் ஒரு மேசை, ஒரு ரவுட்டர், ஒரு மரியசெல்வி. ஜன்னலைத் திறந்துவிட்டால் நான்காவதாகப் பனிமூட்டமும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ரவுட்டர் என்பது பச்சை விளக்குகள் சிமிட்டும் இரும்புப் பெட்டி. எந்த ஊர்க் கம்ப்யூட்டருக்கு எந்தப் பாதை என்று அது ஒரு பட்டியல் வைத்திருக்கும். பட்டியலில் இருக்கும் ஊருக்குச் செய்தி போகும், வரும். இல்லாத ஊர், அதைப் பொறுத்தவரை, உலகத்திலேயே இல்லை. 1998 ஐப்பசியில் மஞ்சக்குட்டை அப்படித்தான் உலகத்தில் இல்லாமல் இருந்தது.

இதனால் கவலைப்பட்டவள் அந்த ஊர்ச் சுகாதார நிலையத்து நர்ஸ் பாவாயி. இன்னும் ஒரு மாதத்தில் காப்பிப்பழம் பறிப்பு தொடங்கிவிடும். பெண்கள் செடிக்கடியில் குனிவார்கள். அங்கே ஏற்கெனவே கண்ணாடிவிரியன் குடியிருக்கும். பாம்புக்கடி மருந்தோ கைவசம் ஒரு குப்பிகூட இல்லை. மருந்து வேண்டுமென்றால் இனிமேல் கம்ப்யூட்டரில்தான் கேட்கவேண்டும், காகிதம் ஏற்கப்படாது என்று உத்தரவு. கம்ப்யூட்டரும் கொடுத்திருந்தார்கள். பாவாயி அதற்குப் பூப்போட்ட உறை தைத்துப் போட்டு வைத்திருந்தாள். பாதை மட்டும்தான் பாக்கி.

“ஒரு வரிதானுங்க அக்கா. நாளைக்கே போட்டுடறேன்” என்று மரியசெல்வி வாக்குக் கொடுத்தாள். அந்த நாளைக்குத்தான் சுற்றறிக்கை வந்தது.

வேறெங்கோ ஒரு ரவுட்டர் அளவுக்கு மீறிப் பாதைகளை விழுங்கி மயங்கி விழுந்துவிட்டதாம். ஆகவே ஒவ்வொரு ரவுட்டருக்கும் பாதை எல்லை விதிக்கப்படும். எல்லையில் முக்கால் பங்கை எட்டினால் இயந்திரம் எச்சரிக்கும். எல்லையைத் தாண்டினால் தலைமையகத்தோடு பேச்சை முறித்துக்கொள்ளும். யோசனை நல்லதுதான். நல்ல யோசனை ஆபீசுக்குள் நுழைந்தால் என்ன ஆகுமோ அது ஆயிற்று.

எல்லையை நேரில் விதிக்கத் துணை மேற்பார்வையாளர் பாக்கியநாதன் கம்பளிக் குல்லாயுடன் மலையேறி வந்தார். ஏற்காட்டுக்கு நாற்பது என்றார். ஏன் நாற்பது என்று மரியசெல்வி கேட்டாள்.

“சேலத்திலேருந்து வர்ற வழியில கொண்டை ஊசி வளைவு எத்தனைம்மா?”

“இருபதுங்க சார்.”

“ஏற இருபது, இறங்க இருபது.”

“குப்பனூர் வழியாவும் ஒரு ரோடு இருக்குதுங்களே சார்.”

“அதுக்குத் தனி ஃபைல்” என்றார் பாக்கியநாதன். தலை சுற்றுகிறது என்று எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே இறங்கிப் போனார்.

பட்டியலில் அப்போது இருபத்தொன்பது பாதைகள் இருந்தன. மரியசெல்வி மஞ்சக்குட்டையைச் சேர்த்தாள். முப்பது. முக்கால் பங்கு ஆகிவிட்டது என்று ரவுட்டர் கடமை தவறாமல் எச்சரித்தது. இன்னும் பத்துக்கு இடம் இருக்கிறது என்பதுதான் அந்த எச்சரிக்கைக்கு அர்த்தம். ஆனால் எச்சரிக்கை என்றால் தலைமையகத்துக்கு ஒரே அர்த்தம்தான். மேற்படி நிலையம் எச்சரிக்கைக்கு ஆளானதன் காரணத்தை ஏழு நாட்களுக்குள் விளக்க வேண்டும், அதுவரை மேற்படி முப்பதாவது பாதை நீக்கி வைக்கப்பட வேண்டும் என்று அன்று மாலையே ஓலை வந்தது. மஞ்சக்குட்டை நாலு மணி நேரம் உலகத்தில் இருந்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

எச்சரிக்கையை விசாரிக்கத் தலைமையகத்தில் எச்சரிக்கைப் பிரிவு ஒன்று திறந்தார்கள். ஆறு அறை, அறைக்கொரு கம்ப்யூட்டர் வலை, வலைக்கொரு பாதை. ஆறும் ஏற்காட்டுப் பட்டியலில் வந்து ஏறின. முப்பத்தைந்து. ரவுட்டர் மறுபடி எச்சரித்தது. எச்சரிக்கைப் பிரிவு வந்த பிறகும் எச்சரிக்கை வருவதேன் என்று ஆராய உயர்நிலைக் கண்காணிப்புக் குழு அமைந்தது. அதற்கும் ஆறு அறை.

மரியசெல்வி திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாற்பது. நாற்பத்தொன்று. விளக்கு ஒன்று பச்சையிலிருந்து செம்மஞ்சளானது. ரவுட்டர் தலைமையகத்தோடு பேச்சை முறித்துக்கொண்டது.

எல்லையை உயர்த்துவதும் ஒரு வரிக் கட்டளைதான், அவளுக்கு மனப்பாடம். ஆனால் எழுத்துமூல உத்தரவில்லாமல் எண்ணில் கைவைத்தால் வேலை போய்விடும். டெலிபோனில் கேட்டாள். உத்தரவு பேச்சு முறிந்த மறுநாளே போட்டாயிற்று, கம்ப்யூட்டரில் அனுப்பியாயிற்று, எடுத்துப் பார்க்கவும் என்றார்கள். கம்ப்யூட்டருக்குத்தான் வழியில்லையே என்றாள். அதற்குத்தானே உத்தரவு என்றார்கள்.

பறிப்புக்கு மூன்று நாள் இருந்தது. பாவாயி மருந்து கேட்டு எழுதிக் கொடுத்த காகிதத்தை எடுத்துக்கொண்டு மரியசெல்வி, சேலத்துக்கு ஆள் ஏற்றும் சென்றாயனின் ஜீப்பில் ஏறினாள். ‘ஒன்பது பேர் மட்டும்’ என்று எழுதிய ஜீப்பில் அவள் பதினெட்டாவது ஆள். எல்லை தாண்டிவிட்டதே என்றதற்கு, “அட, கொஞ்சம் நெருங்கி உக்காருங்க” என்றான் சென்றாயன். இதை எந்தச் சுற்றறிக்கையிலும் அவள் படித்ததில்லை.

தலைமையகத்தில் அவளை மாலையோடு எதிர்கொண்டார்கள். ஏற்காட்டிலிருந்து பதினைந்து நாளாக ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. மருந்து கேட்டு ஒரு கோரிக்கையும் வரவில்லை. இப்படிக் குறையே இல்லாத நிலையம் மாவட்டத்திலேயே இல்லையென்று கேடயம் கொடுக்கப் போகிறார்களாம்.

“பேச்சே நின்னு போச்சுங்க சார். எச்சரிக்கை எப்படி வரும்?”

“அந்த ஒழுங்குதாம்மா மத்த நிலையத்துக்கு வரமாட்டேங்குது” என்றார் பாக்கியநாதன். பாதை எல்லையால் நிலையம் சிறப்புற இயங்குகிறது என்று அவள் கைப்பட எழுதித் தரவேண்டும், அப்போதுதான் கேடயம் என்றார்.

அவள் எழுதவில்லை. நேரே மருந்துக் கிடங்குக்குப் போனாள். பாம்புக்கடி மருந்து குளிர்பெட்டி நிறையக் கிடந்தது. கேட்பாரில்லாமல் அடுத்த மாதம் காலாவதியாகும் என்றார் ஸ்டோர் கீப்பர் கந்தசாமி. காகிதத்தை இரண்டு முறை படித்தார்.

“மருந்துக்குக் காகிதம் செல்லாதும்மா. ஆனா கேடயத்துக்குச் செல்லும். கேடயம் வாங்கிட்டு வா. அதோட என்ன குடுக்கணுங்கறது என் பொறுப்பு.”

மரியசெல்வி திரும்பிப் போய் எழுதினாள். கல்லூரியில் இலக்கியம் படித்தவள். பொய் நல்ல ஓசையோடு வந்தது. கையெழுத்துப் போடும்போது மட்டும் பேனா ஒரு தரம் நின்றது. கந்தசாமி ரசீதில் எழுதிய வாசகம் இது: கேடயம் ஒன்று. உதிரி பாகங்கள் பன்னிரண்டு குப்பி. கேடயம் வெயிலில் மங்காமலிருக்க ஐஸ் பெட்டி ஒன்று.

பறிப்பு தொடங்கிய நாலாம் நாள், பழம் பறித்துக்கொண்டிருந்த ஆராயியைப் பாம்பு கடித்தது. எட்டுக் குப்பி ஏற்றினார்கள். பிழைத்தாள்.

அதற்கடுத்த வாரம் புதிய சுற்றறிக்கை வந்தது, தபாலில். வேறு எதில் வரும்? மரியசெல்வி அதை மஞ்சக்குட்டைக்கு எடுத்துப்போய்ப் பாவாயிக்குப் படித்துக் காட்டினாள். ஏற்காடு மலைநிலையப் பொறுப்பாளர் தம் கைப்பட அளித்துள்ள சான்றினை முன்மாதிரியாகக் கொண்டு, எல்லா மாவட்டங்களிலும் எல்லா நிலையங்களுக்கும் பாதை எல்லை இருபதாகக் குறைக்கப்படுகிறது.

பாவாயி கேட்டுக்கொண்டே குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

“எழுதினது நீதானா கண்ணு?”

“நான்தானுங்க அக்கா.”

பாவாயி பெட்டியை மூடினாள்.

“இன்னும் நாலு குப்பிதான் இருக்குது. அடுத்த கேடயம் எப்பக் குடுப்பாங்களாம்?”